குடும்பத்தோடு காடு மலை சுற்ற எந்த பிக்அப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். நாலு வருடமாக ஒரு பிக்அப் ஓட்டுகிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபதை நெருங்கும் அம்மா எல்லாருமாக அதில் ஏலகிரி, கொல்லிமலை, சக்லேஷ்பூர், பிளிகிரி ரங்கன் மலை என்று சுற்றி வந்திருக்கிறோம். கோயில் வாசலில் செருப்பு விடும்போதுகூட யாராவது வந்து வண்டியைப் பற்றி விசாரிப்பார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

பிக்அப்னா சரக்கு வண்டிதானே? குடும்பத்துக்கு எதுக்கு அது?

சரக்கு வண்டியாகப் பிறந்ததுதான், சந்தேகமே இல்லை. லாரிக்கு இருப்பது போல அடியில் தனி இரும்புச் சட்டம், அதன் மேல் கேபின், பின்னால் பெட் என்கிற திறந்த சாமான் தொட்டி. பின் சக்கரங்களுக்கு மேல் பட்டை ஸ்பிரிங். பாரம் தாங்குவதற்காக இப்படிக் கட்டுகிறார்கள்.

குடும்பத்துக்கு இதில் என்ன லாபம் என்றால், அழுக்கும் ஈரமும் நாற்றமும் மனிதர் உட்காரும் இடத்துக்கு வருவதில்லை. சேறு படிந்த கூடாரம், ஈரத் துணி, கரி பிடித்த அடுப்பு, மீன் வாங்கின பெட்டி எல்லாம் பின்னால் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் ஹோஸ் பைப்பை நீட்டி பெட்டைக் கழுவிவிடலாம். பெட்டின் பின்கதவான டெயில்கேட்டைக் கீழே இறக்கினால் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கிடைக்கும். எங்கள் வீட்டில் அதுதான் சமையல் மேடை. அம்மா அதன் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவார்.

இந்த வசதி உங்களுக்குத் தேவைப்படாது என்றால், அதே பணத்துக்கு ஏழு சீட் வண்டி நிம்மதியாக இருக்கும்.

சிங்கிள் கேபின், டபுள் கேபின்னு சொல்றாங்களே, எது எடுக்கணும்?

குடும்பத்துக்கு டபுள் கேபின் மட்டும்தான். நாலு கதவு, ஐந்து சீட். சிங்கிள் கேபினில் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரோ இருவரோ உட்காரலாம். அது கடைக்கும் தோட்டத்துக்கும் ஆன வண்டி.

டபுள் கேபினில் கேபின் நீளும் அளவுக்கு பெட் குறுகிவிடும். நம் ஊரில் கிடைக்கும் டபுள் கேபின் பிக்அப்களில் பெட் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், ஏறக்குறைய அதே அகலம். கூடாரமும் பெட்டிகளும் தாராளமாகப் போகும். சைக்கிளை டெயில்கேட்டை இறக்கியோ முன் சக்கரத்தைக் கழற்றியோதான் வைக்க முடியும். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது, குறுக்காகப் படுத்தாலும் முட்டியை மடக்க வேண்டும்.

வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா?

வெள்ளை போர்டு. இதில் நான் இரண்டு பேச்சு பேச மாட்டேன்.

ஒரே மாதிரி தெரியும் டபுள் கேபின் வண்டிகளில் சில சரக்கு வாகனமாகவே பதிவாகின்றன. மஹிந்திராவின் பொலேரோ கேம்பர், இசுஸுவின் எஸ்-கேப் எல்லாம் அந்த வகை. இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், ஹை-லேண்டர், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிகள். மஞ்சள் போர்டின் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் புது வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பெங்களூருவில் நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வேறு. காலை எட்டரைக்குப் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவருக்கு இது சரிப்பட்டு வராது.

ஓசூர்ல சொந்தக்காரங்க இருக்காங்க. தமிழ்நாட்டுல பதிவு பண்ணா மிச்சமாகுமா?

ஒரு காலத்தில் நிறைய மிச்சமானது. இப்போது இல்லை. கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரி. 25 லட்ச ரூபாய் வண்டி என்றால் வரி மட்டும் நாலரை லட்சம். தமிழ்நாடு 2023 நவம்பரில் வரியை உயர்த்திய பிறகு, அங்கும் 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். செஸ்ஸையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இங்கேயே குடியிருப்பவர் இங்கேயே பதிவு செய்வதுதான் முறை. சோதனையில் நிறுத்தும்போது பிள்ளைகள் முன்னால் பதில் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஃபோர் பை ஃபோர் கண்டிப்பா வேணுமா? நாங்க என்ன பாலைவனத்துக்கா போறோம்?

ஃபோர் பை ஃபோர் என்றால் நாலு சக்கரத்துக்கும் இன்ஜினின் சக்தி போகும் வண்டி. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மணல் மேட்டையும் பாறையையும் நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பிக்அப்பை மாட்ட வைப்பது ஈரப் புல்தான். இரண்டு சக்கர இழுவையுள்ள பிக்அப்பில் இன்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிறது. பெட் காலியாக இருந்தால் பின்பக்கத்துக்குக் கனமே கிடையாது. கனம் இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானமும் இல்லை. அதே இடத்தில் முன் சக்கர இழுவையுள்ள சின்ன கார் தப்பித்துவிடும், அதன் இன்ஜின் கனம் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே இருப்பதால்.

ஒரு ஜூலை மாதம் சக்லேஷ்பூர் பக்கம் காபித் தோட்டத்துத் தங்குமிடம் ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். நண்பரின் டூ வீல் டிரைவ் பிக்அப் இரவெல்லாம் மழை பெய்த புல்தரையில் நின்றிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டதும் பின் டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. புல் பிய்ந்து, சிவப்புச் சேறு சுவர் வரைக்கும் தெறித்தது. சாய்வு என்று சொல்லவே முடியாத தரை அது. தோட்டத்து ஆட்கள் காபிக் கொட்டைச் சாக்கு ஆறைக் கொண்டுவந்து சரியாகப் பின் அச்சுக்கு மேலே அடுக்கினார்கள். டயருக்கு அடியில் காய்ந்த தென்னை மட்டையைக் கொடுத்தார்கள். வண்டி மெல்ல நகர்ந்தது. மேலே ஏறியதும் சாக்குகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மழைக்காலத்திலும் போவேன், தோட்டத்துப் பாதையில் இறங்குவேன் என்றால் ஃபோர் பை ஃபோர் எடுங்கள். தார் ரோடு முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பவர் என்றால் வேண்டாம், நல்ல டயருக்குச் செலவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபோர் பை ஃபோர் இருக்கிறது என்பதற்காகக் காப்புக் காட்டுக்குள் வண்டியை விடக்கூடாது. அனுமதியும் கிடையாது, அங்கிருக்கும் உயிர்களுக்கு நல்லதும் இல்லை.

சரி, ஃபோர் பை ஃபோர் வாங்கிட்டேன். மழை பெய்யுறப்ப ஹைவேல போட்டு ஓட்டலாமா?

இந்த வண்டிகளில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போடும் ஏற்பாடு. டூ ஹெச் என்பது சாதாரண ஓட்டம். ஃபோர் ஹெச் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் உருள வேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். பிடிமானமுள்ள காய்ந்த தாரில் அது முடியாமல் பல்சக்கரங்கள் இறுகும், திருப்பும்போது வண்டி இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். ஆகவே காய்ந்த ரோட்டில் கூடவே கூடாது. மழை ஹைவேயில் உங்களைக் காப்பது வேகத்தைக் குறைப்பதும் டயரின் பட்டன் ஆழமும்தான்.

ஃபோர் எல் மிக மெதுவாக, மிகுந்த இழுவிசையோடு ஏறி இறங்க. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துவிட்டு மாற்றுங்கள். மாதம் ஒரு முறை மண் தரையில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். போடாமலே வைத்திருந்தால் தேவைப்படும் நாளில் விழாது.

கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?

சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தினமும் நிற்பவர் ஆட்டோமேட்டிக் எடுங்கள். ஹைலக்ஸில் இரண்டுக்கும் ஒரே 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன் டீசல் இன்ஜின்தான். ஆனால் முறுக்குவிசை கியர் வண்டியில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. வி-கிராஸில் 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். மலை ஏற எல்லாமே போதும். மனைவியும் ஓட்டுவார் என்றால் அவர் கையில் கொடுத்து முடிவெடுங்கள்.

பின்சீட்டுல அம்மாவும் பசங்களும் வருவாங்க. தூக்கித் தூக்கிப் போடுமாமே?

என்னைக் கேட்டால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே பின்சீட்டில் உட்காருகிறவருக்குத்தான். ஷோரூமுக்கு அவர் இல்லாமல் போகாதீர்கள்.

தூக்கிப் போடும், அது உண்மை. முதலில் சொன்ன பட்டை ஸ்பிரிங் அரை டன் பாரத்தை எதிர்பார்த்து விறைப்பாக நிற்கிறது. காலியாக ஓட்டினால் ஒவ்வொரு ஹம்ப்பிலும் பின்பக்கம் துள்ளும். நூறு கிலோ ஏற்றினாலே சுபாவம் மாறிவிடும். வண்டி வாங்கின முதல் மாதம் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ஹம்ப்பில் அம்மாவின் தலை கூரையைத் தொட்டுவிட்டது. அடுத்த நாளே ஐம்பது கிலோ மணல் மூட்டை இரண்டை பெட்டில் சக்கரத்துக்கு மேலே வைத்து இழுத்துக் கட்டினேன். கட்டாமல் வைத்தால் பிரேக் போடும்போது மூட்டை கேபினை நோக்கி வரும், கவனம். பின் டயர் காற்றையும் பார்க்க வேண்டும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பாரத்தோடு எவ்வளவு, பாரமில்லாமல் எவ்வளவு என்று போட்டிருக்கும். பல பேர் எப்போதும் பாரக் கணக்குக்கே காற்றடித்துவிட்டு வண்டியைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்தது சீட்டின் சாய்வு. பெட் பின்னாலேயே தொடங்குவதால் முதுகு நேராக நிற்கும். நாற்பது கிலோமீட்டர் வரை தெரியாது, ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரும்போது இடுப்பில் தெரியும். டெஸ்ட் டிரைவில் நீங்கள் அரை மணி நேரம் பின்சீட்டில் உட்காருங்கள், வேறு யாராவது ஓட்டட்டும். ஏறுவதையும் பாருங்கள். பக்கத்துப் படி இருக்கிறதா, கதவுத் தூணில் பிடித்து ஏறக் கைப்பிடி இருக்கிறதா, அம்மாவின் முட்டி அந்த உயரத்துக்கு மடங்குகிறதா? எங்கள் அம்மா இடது கையால் தூணைப் பிடித்து, வலது காலைப் படியில் வைத்து, ஒரு மூச்சு நின்றுதான் ஏறுவார். படி இல்லாத வண்டியை அதனாலேயே விட்டோம். குழந்தை சீட் வைப்பவர்கள் அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று கை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், விற்பவர் சொல்லை மட்டும் நம்பக்கூடாது.

எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நிக்குமா?

டேப்பை எடுத்து அளக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஹைலக்ஸ் 5,325 மில்லிமீட்டர் நீளம், வி-கிராஸும் அதை ஒட்டித்தான். இன்னோவா கிரிஸ்டா 4,735. அதாவது இன்னோவா சரியாக நிற்கும் இடத்தில் பிக்அப்பின் மூக்கு இரண்டடி வெளியே நீட்டும். எதிர் வரிசைக்காரருக்கு வண்டி எடுக்க வழி இருக்காது, தினமும் சண்டை.

நீளத்தோடு சரிவின் திருப்பத்தையும் அளக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒரே திருப்பில் இறங்க முடியாது. ஒரு முறை பின்னால் எடுத்துத்தான் இறங்குவேன். உயரம் 1.8 மீட்டரைச் சுற்றி வரும், அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் மேலே கூடாரமோ கேரியரோ பொருத்தினால் உத்தரத்தில் தொங்கும் தண்ணீர்க் குழாய் வரைக்கும் அளந்துகொள்ளுங்கள்.

பெட்டை மூடணுமா? தார்ப்பாய் போதாதா?

பெங்களூருவில் மே மாதத்து மாலை மழையைப் பார்த்தவர் இதைக் கேட்கமாட்டார். தார்ப்பாய் வேகத்தில் படபடத்து ஓரம் கிழியும், தண்ணீர் குளமாகி நடுவில் இறங்கும். சிக்னலில் எவரும் கையை விட்டு ஒரு பையை எடுத்துவிடலாம். டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தியதில் எங்கள் தூங்கும் பை ஒன்று அப்படித்தான் போனது.

மூன்று வகை உண்டு. துணி மூடி மலிவு, மழையை ஓரளவு தடுக்கும், கத்தி வைத்தால் போயிற்று. பூட்டும் வசதியுள்ள கெட்டி மூடி அல்லது சுருள் மூடி குடும்பத்துக்குச் சரியானது, டெயில்கேட்டும் பூட்டும்படி இருக்க வேண்டும். கூரை உயரத்துக்கு எழும்பும் கேனபி இடம் நிறையத் தரும். ஆனால் அது சுமார் அறுபது கிலோ கூடுதல் பாரம், ஆர்.டி.ஓ. கேள்வியும் உண்டு. மாற்றங்கள் பற்றிக் கீழே வரும் பதிலைப் பாருங்கள். எந்த மூடி போட்டாலும் துணிமணியைப் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். டெயில்கேட் இடுக்கு வழியாகத் தூசி வந்தே தீரும்.

எவ்வளவு வேணா ஏத்தலாம் தானே, பிக்அப் ஆச்சே?

அப்படி இல்லை. ஆட்களின் எடையும் கணக்கில் சேரும். எங்கள் கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர் 270 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு, 40. ஐஸ் பெட்டியும் சாப்பாடும் 25. கூடாரம் இரண்டு 20. மேசை, நாற்காலி, மெத்தை 30. அடுப்பும் சின்ன சிலிண்டரும் பாத்திரமும் 20. துணிப் பைகள் 40. கூட்டினால் 445. இதில் கேனபி ஏறினால் அரை டன் தாண்டியாயிற்று, ஒரு மூட்டை அரிசிகூட ஏற்றாமலே. வண்டியின் அனுமதித்த மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் உங்கள் எல்லை தெரியும்.

கனமானதைக் கேபினை ஒட்டிக் கீழே வையுங்கள். சிலிண்டர் எப்போதும் பெட்டில், நிமிர்ந்த நிலையில், கட்டி. கேபினுக்குள் ஒருபோதும் வேண்டாம்.

பசங்க பின்னால நின்னுட்டு வர ஆசைப்படறாங்க. கிராமத்து ரோடுதானே, மெதுவாப் போனா?

வேண்டாம். மெதுவாகவும் வேண்டாம், நூறு அடிக்கும் வேண்டாம். பெட்டில் சீட் இல்லை, பெல்ட் இல்லை, பிடிக்க எதுவும் இல்லை. மேலே சொன்ன அந்தத் துள்ளல் ஒரு பிள்ளையை வெளியே எறியப் போதும். சட்டப்படியும் குற்றம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. வண்டி நின்ற பிறகு ஏறி ஆடட்டும், எங்கள் பிள்ளைகள் நட்சத்திரம் பார்ப்பது அங்கேதான்.

அப்போ நாயை?

அதற்கும் மேலே சொன்ன பதில்தான். வெயிலில் பெட்டின் உலோகம் பாதத்தைச் சுட்டுவிடும். பின்சீட்டில் விரிப்புப் போட்டு, மார்புப் பட்டையோடு கட்டி வையுங்கள்.

புல் பார், லிஃப்ட் கிட், பெரிய டயர் எல்லாம் போடலாமா?

வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பான புல் பார் வேண்டாம். அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவரை நசுக்கும் பொருள் அது, காற்றுப்பையின் வேலையையும் கெடுக்கலாம்.

தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பு மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்பது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் இதில் அடிபடும். கேனபியை நிறுவனத்தின் சொந்தத் துணைப்பொருளாக, பில்லோடு வாங்குவது நல்லது. டயரை அதே அளவில், மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஆல் டெரைன் வகையில் மாற்றுங்கள். குடும்பத்துக்கு அது போதும். லிஃப்ட் செய்த வண்டியில் அம்மா எப்படி ஏறுவார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பந்திப்பூர் வழியா ஊட்டி போறப்ப சரக்கு வண்டின்னு நிறுத்துவாங்களா? டோல்ல அதிகம் கேட்பாங்களா?

வெள்ளை போர்டு என்றால் செக்போஸ்டில் கார் மாதிரிதான். எல்லா வண்டிக்கும் பொதுவான விதி, குண்டல்பேட்டையிலிருந்து கூடலூருக்கும் சுல்தான் பத்தேரிக்கும் போகும் காட்டுப் பாதைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டிக்கு 2024 மே முதல் இ-பாஸும் வேண்டும்.

டோலில் சிக்கல் வரும். பெட்டைப் பார்த்ததும் சிறு சரக்கு வண்டிக் கட்டணம் கேட்பார்கள். ஃபாஸ்டேக் வாங்கும்போதே அது கார், ஜீப், வேன் வகையான 4-ஆம் வகுப்பில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஆர்.சி. நகலைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எனக்கு இரண்டு முறை கூடுதலாகப் பிடித்தார்கள், ஆர்.சி. அனுப்பியதும் டேக் கொடுத்த வங்கி திருப்பித் தந்தது.

பழைய வண்டி பார்க்கலாமா?

பார்க்கலாம். வி-கிராஸ் 2016-லிருந்து ஓடுகிறது, ஹைலக்ஸ் 2022-லிருந்து. டாடா ஜெனான், ஸ்கார்ப்பியோ கெட்அவே இரண்டும் நின்றுபோனவை, உதிரிபாகம் தேடும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். பெட்டின் விரிப்பைத் தூக்கி அடியில் துரு பாருங்கள். பட்டை ஸ்பிரிங்கில் வெடிப்பு, சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் அளவு மீறிப் பாரம் இழுத்த வண்டி. ஃபோர் எல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வருஷத்துக்கு நாலு தடவைதான் வெளிய போவோம். அப்பவும் வாங்கலாமா?

வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நாலு பயணத்துக்காக மீதி நாளெல்லாம் ஐந்தேகால் மீட்டர் வண்டியை இந்த ஊரில் நிறுத்த இடம் தேடுவது கொடுமை. எங்களுக்கு மாதம் இரண்டு பயணம், நடுவில் திருப்பத்தூர் தோட்டத்திலிருந்து தேங்காய் மூட்டை. அதனால் கட்டுப்படியாகிறது. உங்களுக்கு இருக்கும் காரின் மேல் ஒரு கேரியர், அல்லது அந்த நாலு தடவைக்கு வாடகை வண்டி.

இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்கள், ஒரு சனி ஞாயிறுக்கு பிக்அப் ஒன்றைக் கேட்டு வாங்கி முதலில் உங்கள் பேஸ்மென்டில் இறக்கிப் பாருங்கள். அப்புறம் வீட்டில் பெரியவர் யாரோ அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குங்கள். அல்சூர் பக்கம் இருந்தால் அம்மாவைக் கூட்டி வந்து எங்கள் வண்டியிலேயே ஏற்றிப் பார்க்கலாம். ஊரில் இருக்கிற ஞாயிறுகளில் காலை ஏழு மணிக்கு அதைக் கழுவிக்கொண்டுதான் இருப்பேன்.